ஒரு கேசட்டைத் தேடி மெம்ஃபிஸுக்கு

செவ்வாய், மெம்ஃபிஸ்

காலையில் அட்லாண்டாவில் கிளம்பி சாயங்காலம் மெம்ஃபிஸ் வந்து சேர்ந்தோம். வண்டி ஓட்டுவது மகள். வழி பார்ப்பதும் பாட்டுப் போடுவதும் என் பொறுப்பு. பர்மிங்ஹாம் தாண்டியபின் ரோட்டின் இரண்டு பக்கமும் காடுதான். டுபெலோவில் இறங்கி எல்விஸ் பிரெஸ்லி பிறந்த வீட்டைப் பார்த்தோம். 1935இல் அவர் பிறந்த அந்த மரவீட்டில் மொத்தமே இரண்டு அறைகள். அதிக நேரம் நிற்கவில்லை.

இருட்டும் நேரத்தில் பீல் ஸ்ட்ரீட்டில் ஒரு நடை. நியான் விளக்குகள், வாசலுக்கு வாசல் கிட்டார் சத்தம். ஒரு காலத்தில் இது கறுப்பின மக்களின் கடைவீதி. பிறகு நகரச் சீரமைப்பு என்ற பெயரில் சுற்றிலும் இருந்ததை இடித்துத் தள்ளினார்கள். 1980களில் சுற்றுலாவுக்காகத் தெருவை மறுபடி எழுப்பினார்கள். சோளமாவில் புரட்டிப் பொரித்த கெளுத்தி மீன் சாப்பிட்டோம். அருமை. மிஸ்ஸிஸிப்பி ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அறைக்கு வந்துவிட்டோம்.

எதற்காக இங்கே வந்திருக்கிறேன் என்பதை இன்றே சொல்லிவிடுகிறேன்.

1981இல் தூத்துக்குடியில் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் சிலோன் ரேடியோ சென்னை வானொலியைவிடத் தெளிவாகக் கேட்கும். கடல் ஒன்றுதானே நடுவில். வீட்டில் எல்லாரும் தமிழ்ச் சேவைக்குக் காத்திருப்பார்கள். அவர்கள் தூங்கியபின் நான் ஆங்கிலச் சேவைக்குத் திருப்புவேன். பாதி வார்த்தை புரியாது. அப்புறம் எங்கள் தெருவில் கப்பலில் வேலை பார்த்த ஓர் அண்ணன் இருந்தார். ஊருக்கு வரும்போது ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன்னும் கேசட்டுகளுமாகத்தான் வருவார். அந்த வருடம் ஒரு தொண்ணூறு நிமிட கேசட்டை என் கையில் கொடுத்து, “ஏலே, இதக் கேளு. புரியலன்னாலும் விடாத” என்றார். ஏதோ ஒரு துறைமுகத்தில் யாரோ பதிவு செய்து கொடுத்தது. மேலே ஒரு பெயர்கூட எழுதியிருக்கவில்லை.

அதில் ஓர் ஆர்கன் துண்டு இருந்தது, பாட்டே இல்லாமல் வெறும் வாத்தியம் மட்டும். துறைமுகத்தில் உட்கார்ந்து அலை பார்க்கும் ஒருவனின் பாட்டு இருந்தது. அடித்தொண்டையிலிருந்து கதறும் ஒரு காதல் பாட்டு, கிட்டாரும் சாக்ஸஃபோனும் சண்டை போடுவது போன்ற ஒரு ராக் பாட்டு, கோயிலில் பாட வேண்டிய குரலில் காதலைப் பாடிய ஒரு பெண். பாடியவர் கறுப்பரா வெள்ளையரா, எந்த நாடு, எது சோல் என்ற கறுப்பின மக்களின் இசை, எது ராக், எதுவும் எனக்கும் என் நண்பர்களுக்கும் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தார் பாடியதாகவே கேட்டோம்.

ஒவ்வொரு பாட்டாகப் பெயர் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. கண்டுபிடித்தபின் ஒன்று தெரிந்தது: அந்த கேசட்டில் இருந்தவற்றில் முக்கால்வாசி இரண்டே ஊர்களில் பதிவானவை. ஒன்று மெம்ஃபிஸ். இன்னொன்று அலபாமாவில் மஸ்ஸல் ஷோல்ஸ் என்ற சின்ன ஊர். அந்த அறைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம்.

புதன், மெக்லெமோர் அவென்யூ

ஈஸ்ட் மெக்லெமோர் அவென்யூ, 926ஆம் எண். பழைய சினிமாத் தியேட்டரின் முகப்பு, அதன்மேல் ஸ்டாக்ஸ் என்று பெரிய எழுத்து, விளம்பரப் பலகையில் ‘சோல்ஸ்வில் யூ.எஸ்.ஏ.’ தெரு முனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அங்கிருந்து நடந்து வந்து பார்க்க ஆசை.

ஸ்டாக்ஸைத் தொடங்கிய ஜிம் ஸ்டூவர்ட் வங்கியில் வேலை பார்த்தவர், நாட்டுப்புறப் பாணியில் ஃபிடில் வாசிப்பவர். 1957இல் சாட்டிலைட் என்ற பெயரில் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஒலிப்பதிவுக் கருவி வாங்கப் பணம் இல்லை. அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தன் வீட்டை அடமானம் வைத்துக் கொடுத்தார். பிறகு பெயரை மாற்ற வேண்டி வந்தபோது இருவர் பெயரிலும் இரண்டிரண்டு எழுத்தெடுத்து ஸ்டாக்ஸ் ஆக்கினார்கள். மூடிக் கிடந்த கேபிடல் தியேட்டரை வாடகைக்கு எடுத்து, நாற்காலிகளைப் பிடுங்கிவிட்டு, அதையே ஸ்டுடியோ ஆக்கினார்கள். இடைவேளையில் தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் ஓர் இசைத்தட்டுக் கடை போட்டார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கடைக்குப் பாட்டுக் கேட்க வந்தார்கள். எந்தத் தட்டு போட்டால் அவர்கள் கால் ஆடுகிறது என்று அவர் கவனித்துக்கொண்டே இருப்பாராம். கடைக்கு வந்தவர்களில் பலர் அப்படியே உள்ளே போய்ப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஆனார்கள். தெருவைப் பார்த்த ஒரு கதவு எப்போதும் திறந்திருந்தது. ஸ்டாக்ஸ் என்ற நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் முதலில் வருவது ஒரு மாதா கோயில் அளவுகூட இல்லாத சின்ன மரத் தேவாலயம். மிஸ்ஸிஸிப்பி டெல்டாவில் நூறு வருடங்களுக்கு முன் கட்டியதைக் கழற்றிக்கொண்டு வந்து உள்ளே பொருத்தியிருக்கிறார்கள். பாட்டு எங்கே தொடங்கியது என்பதை முதலில் காட்டிவிட்டுத்தான் மற்றதைக் காட்டுகிறார்கள். சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் பாடியவன் நான். அந்த பெஞ்சில் உட்கார்ந்தபோது, கேசட்டில் அந்தப் பெண் ஏன் அப்படிப் பாடினார் என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது.

அதைத் தாண்டி, ஸ்டுடியோ ‘ஏ’. தரை சரிவாக இருக்கிறது. தியேட்டர் தரையை மட்டப்படுத்தக் காசில்லாமல் அப்படியே விட்டார்கள். சரிவான தரை, எதிரெதிராக இல்லாத சுவர்கள், உயர்ந்த கூரை, எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சத்தம் வந்தது என்று சொல்கிறார்கள். சரிவின் மேலும் கீழுமாக நடந்து பார்த்தேன். டிரம்ஸ் இங்கே, ஆர்கன் அங்கே, பாடுபவர் நடுவில். எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே அறையில்.

என் கேசட்டில் இருந்த அந்த ஆர்கன் துண்டு 1962இல் இங்கே பிறந்தது. வேறொருவருடைய பதிவு முடிந்தபின் மீந்த நேரத்தில் நால்வர் சும்மா வாசித்துக்கொண்டிருந்தார்கள்; ஜிம் ஸ்டூவர்ட் பதிவுப் பொத்தானை அழுத்தினார். ‘கிரீன் ஆனியன்ஸ்.’ ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு அப்போது வயது 17. நானும் அதை முதலில் கேட்டது 17 வயதில். அவரும் டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்ஸனும் கறுப்பர்கள். கிட்டார் வாசித்த ஸ்டீவ் க்ராப்பரும், பின்னால் பேஸ் கிட்டாருக்கு வந்த டொனால்ட் ‘டக்’ டன்னும் வெள்ளையர்கள். அந்தக் காலத்து மெம்ஃபிஸில் இந்த நால்வரும் ஊருக்குள் ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. உள்ளே ஒரே இசைக்குழு.

அடுத்தது ஓடிஸ் ரெடிங். அதே 1962இல், ஜார்ஜியாவின் மேக்கனிலிருந்து வேறொரு கிட்டார்க்காரருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு இங்கே வந்தார். அந்தப் பதிவு சரியாக அமையவில்லை. மீதமிருந்த நேரத்தில் “நான் ஒரு பாட்டுப் பாடட்டுமா” என்று கேட்டு, பாடினார். அவ்வளவுதான், அங்கிருந்து ஐந்து வருடம். 1967 டிசம்பர் 10ஆம் தேதி விஸ்கான்சினில் ஓர் ஏரியில் அவருடைய விமானம் விழுந்தது. வயது 26. கூடவே அவருக்கு வாசித்த பார்-கேஸ் குழுவின் இளைஞர்கள். விமானத்தில் இருந்தவர்களில் ட்ரம்பெட் வாசித்த பென் காலி ஒருவர்தான் பிழைத்தார்.

நான் கேட்ட துறைமுகப் பாட்டு, ‘டாக் ஆஃப் த பே’, அவர் சாவதற்குச் சில நாட்கள் முன்புதான் இந்த அறையில் முடிந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது தொடங்கிய பாட்டு. இங்கே வந்து க்ராப்பருடன் உட்கார்ந்து முடித்தார். அலை ஓசையையும் கடற்பறவைச் சத்தத்தையும் பின்னால் சேர்த்தவர் க்ராப்பர். கூட்டாளி போன கையோடு, அவன் குரலை மறுபடி மறுபடி ஓடவிட்டு, அந்தப் பதிவை அவர் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 1968இல் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடியவர் இறந்தபின் முதலிடத்துக்கு வந்த முதல் பாட்டு அதுதான்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துப் பக்கம் உட்கார்ந்து, டூ இன் ஒன்னை மடியில் வைத்து, அந்தக் கடைசி விசிலைக் கேட்டிருக்கிறோம். பாடுபவர் பதினான்கு வருடம் முன்பே இறந்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. ‘இந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுதணும்டே’ என்று நண்பன் சொல்லிக்கொண்டே இருப்பான்.

“அப்பா, இது ஒரிஜினல் கட்டடமா?” என்று மகள் கேட்டாள். இல்லை. அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட விநியோக ஒப்பந்தத்தில், 1968க்கு முந்தைய பதிவுகள் எல்லாம் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று இருந்தது. பிரியும்போதுதான் அது ஸ்டாக்ஸுக்கு உறைத்தது. ஓடிஸும் போய், பாட்டுகளும் போய், ஒன்றுமில்லாமல் மறுபடி எழுந்தார்கள். பாடகர் ஐசக் ஹேய்ஸின் காலம் அது. தங்க முலாம் பூசிய அவருடைய கேடிலாக் கார் உள்ளே சுழன்றுகொண்டிருக்கிறது. 1975 இறுதியில் நிறுவனம் திவாலானது. 1989இல் கட்டடத்தை இடித்தார்கள். உலகத்துக்கே பாட்டுக் கொடுத்த சுவர்களை அந்த ஊரே இடித்தது என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. 2003இல் அதே மனையில், அதே அளவில், அதே சரிவோடு திரும்பக் கட்டினார்கள். பக்கத்திலேயே அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஓர் இசைப்பள்ளி நடக்கிறது. நாங்கள் வெளியே வரும்போது உள்ளேயிருந்து யாரோ ட்ராம்போன் பழகிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மணிநேரம் ஓடிவிட்டது. “போதும்ப்பா, வாங்க, பசிக்குது” என்று மகள் இழுத்துக்கொண்டு வந்தாள்.

வியாழன், யூனியன் அவென்யூவும் லொரேன் மோட்டலும்

காலையில் சன் ஸ்டுடியோ. 706, யூனியன் அவென்யூ. 1950இல் சாம் ஃபிலிப்ஸ் தொடங்கிய இடம். ஒரே அறை, சுவரெல்லாம் வெள்ளை ஒலித்தடுப்பு ஓடுகள். ஹவ்லின் வுல்ஃப், பி.பி. கிங், பிறகு எல்விஸ், ஜானி கேஷ், ஜெர்ரி லீ லூயிஸ் எல்லாரும் இந்தத் தரையில் நின்றவர்கள். 1951இல் ஐக் டர்னரின் குழு இங்கே வந்தபோது வழியில் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிட்டது. சாம் ஃபிலிப்ஸ் அதன் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்துவிட்டு, அந்தக் கரகரப்போடேயே பதிவு செய்தார். அதுதான் ‘ராக்கெட் 88’. முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு எது என்று சண்டை போடுகிறவர்கள் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள்.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது அந்த எதிரொலி விஷயம். ஒலி ஒரு டேப்பில் பதிவாகும். பதியும் முனைக்கும் திரும்ப ஒலிக்கும் முனைக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. ஆகவே ஒரு துளி தாமதமாக அது திரும்பக் கேட்கும். அந்தத் தாமதித்த ஒலியை முதல் ஒலியோடு கலந்துவிடுவார் சாம் ஃபிலிப்ஸ். கிணற்றுக்குள் குனிந்து பேசினால் குரல் உடனே முட்டித் திரும்புமே, அப்படி. மூன்று பேர் வாசித்தது பெரிய கூட்டமே வாசித்ததாகக் கேட்டது அதனால்தான். ஜானி கேஷ் குழுவில் டிரம்ஸ் இல்லை என்பதால் கிட்டார் கம்பிகளுக்கு அடியில் காகிதத்தைச் செருகி டிரம்ஸ் போலத் தட்டினார். கையில் இல்லாததை இருப்பதை வைத்துச் சமாளித்த இந்தக் கதைகளைக் கேட்கக் கேட்க எனக்கு அலுக்கவே இல்லை.

மத்தியானம் லொரேன் மோட்டல். இன்று அது தேசியக் குடிமை உரிமைகள் அருங்காட்சியகம். 1968 ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்ட பால்கனி, 306ஆம் அறை, வெளியே நிற்கும் பழைய கார்கள். படத்தில் ஆயிரம் தடவை பார்த்திருந்தாலும் நேரில் நிற்கும்போது பேச்சு வரவில்லை.

இசை தேடி வந்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். வால்ட்டர் பெய்லியும் அவர் மனைவி லோரீயும் நடத்திய இந்த மோட்டலில்தான் ஸ்டாக்ஸ் கலைஞர்கள் தங்கினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார இடம் கொடுத்த வெகுசில இடங்களில் இது ஒன்று. வில்ஸன் பிக்கெட்டும் க்ராப்பரும் ‘இன் த மிட்நைட் ஹவர்’ பாட்டை இங்கே ஓர் அறையில்தான் எழுதினார்கள். எட்டி ஃபிளாய்டும் க்ராப்பரும் ‘நாக் ஆன் வுட்’ எழுதியதும் இங்கேதான். வேர்க்க விறுவிறுக்க ஸ்டுடியோவில் வாசித்துவிட்டு இங்கே நீச்சல் குளத்துக்கு ஓடி வருவார்களாம்.

கிங் மெம்ஃபிஸுக்கு வந்தது துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்காக. அந்த பிப்ரவரியில், மழைக்கு ஒதுங்கிய இரண்டு தொழிலாளிகளைக் குப்பை லாரியின் நசுக்கும் இயந்திரம் கொன்றது. 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். அந்த அட்டைகளை உள்ளே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இன்றும் மலக்குழிக்குள் இறங்கிச் சாகிறவர்களை நினைக்காமல் அந்த அறையைத் தாண்ட என்னால் முடியவில்லை.

கிங் சுடப்பட்ட அன்றே லோரீ பெய்லிக்குப் பக்கவாதம் வந்தது. கிங்கின் இறுதிச் சடங்கு நடந்த ஏப்ரல் 9ஆம் தேதி அவரும் இறந்துபோனார். மோட்டலுக்குப் பெயர் கொடுத்த பெண். ராத்திரி மகளும் நானும் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம், பாட்டே போடவில்லை.

வெள்ளி, மஸ்ஸல் ஷோல்ஸ்

மெம்ஃபிஸிலிருந்து கிழக்கே 72ஆம் நெடுஞ்சாலை. கொரிந்த் வழியாக மூன்று மணிநேரம்கூட ஆகவில்லை. பருத்திக் காடுகள், கொடி மூடிய மரங்கள், அப்புறம் டென்னஸி ஆறு. ஆற்றின் இரு கரையிலும் நான்கு சின்ன ஊர்கள் ஒட்டிக் கிடக்கின்றன: ஃப்ளாரன்ஸ், ஷெஃபீல்டு, டஸ்கம்பியா, மஸ்ஸல் ஷோல்ஸ். ப்ளூஸ் இசைக்கு எழுத்துருவம் கொடுத்த டபிள்யூ. சி. ஹேண்டி பிறந்தது இந்த ஃப்ளாரன்ஸில். நேற்றுப் பார்த்த சன் ஸ்டுடியோவின் சாம் ஃபிலிப்ஸும் இந்த ஊர்க்காரர்தான். இங்கிருந்து கிளம்பிப் போனவர்தான் மெம்ஃபிஸில் கடை விரித்தார்.

ஃபேம் ஸ்டுடியோ ஒரு நாற்சந்தி ஓரத்தில் இருக்கிறது. பக்கத்தில் மருந்துக் கடை. தெரியாதவர்கள் ஏதோ அரசு அலுவலகம் என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள். ரிக் ஹால் கட்டியது. 2018இல் அவர் இறக்கும்வரை அவர் பிடியில்தான் இருந்தது. இன்றும் பதிவு நடக்கிறது. ஆகவே வேலை இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

உள்ளே ஒரு வுர்லிட்சர் மின்பியானோ. 1967 ஜனவரி 24ஆம் தேதி அரீத்தா ஃப்ராங்க்ளின் இங்கே வந்தார். மெம்ஃபிஸில் பிறந்து, டெட்ராய்ட்டில் போதகரான அப்பாவின் சபையில் பாடி வளர்ந்தவர். முந்தைய நிறுவனத்தில் வருடக்கணக்காகப் பாடியும் அவர் குரலுக்கேற்ற பாட்டு பெரிதாக அமையவில்லை. அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரை இங்கே அழைத்து வந்தார். வாத்தியக்காரர்கள் அலபாமாவின் வெள்ளைக்காரப் பையன்கள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை; எல்லாரும் திணறினார்கள். திடீரென்று ஸ்பூனர் ஓல்டம் இந்த மின்பியானோவில் ஒரு சின்ன வரியை வாசித்தார். அந்த நொடியிலிருந்து எல்லாம் ஓடத் தொடங்கியது. ‘ஐ நெவர் லவ்ட் எ மேன்.’ என் கேசட்டில் கோயில் குரலில் காதல் பாடிய பெண் இவர்தான்.

அன்று ராத்திரியே குடியும் சண்டையுமாகி அரீத்தா ஊரைவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது பாட்டு அரைகுறையாக நின்றது. அதே பையன்களை நியூயார்க்குக்கு வரவழைத்துத்தான் மற்ற வேலையை முடித்தார்கள். ஒரே ஒரு நாள், ஒன்றரைப் பாட்டு. அந்த ஒரு நாள்தான் அரீத்தாவை நாம் அறிந்த அரீத்தா ஆக்கியது.

இன்னொரு கதையையும் இந்த அறையில் கேட்டேன். 1968இல் ட்வேன் ஆல்மன் என்ற நீள முடிக்காரப் பையன் வாய்ப்புத் தேடி இங்கே சுற்றிக்கொண்டிருந்தான். வில்ஸன் பிக்கெட் பதிவுக்கு வந்திருந்தபோது, பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ பாட்டைப் பாடலாமே என்று சொன்னவன் அவன்தான். அந்தப் பாட்டு சில மாதங்களுக்கு முன்புதான் வெளிவந்திருந்தது. அதை ஒரு சோல் பாடகர் எதற்குப் பாட வேண்டும் என்று மற்றவர்கள் யோசித்தார்கள். பாடினார்கள். கடைசி நிமிடத்தில் பிக்கெட் கத்துகிறார், ட்வேனின் கிட்டார் அவரோடு சேர்ந்து கத்துகிறது. தென்னாட்டு ராக் அங்கேதான் தொடங்கியது என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. எது சோல், எது ராக் என்று தெரியாமல் நாங்கள் கேட்ட கேசட்டுக்கு இந்த அறை சாட்சி சொல்கிறது.

சனி, ஜாக்ஸன் ஹைவே

1969இல் ஃபேமின் வாத்தியக்காரர்கள் நால்வர் பிரிந்து வந்து, ஷெஃபீல்டில் சொந்த ஸ்டுடியோ திறந்தார்கள். ஜிம்மி ஜான்ஸன், ரோஜர் ஹாக்கின்ஸ், டேவிட் ஹுட், பேரி பெக்கெட். முகவரி 3614, ஜாக்ஸன் ஹைவே. எதிரே கல்லறைத் தோட்டம். சிமெண்ட் கல் கட்டடம், முன்பு சவப்பெட்டி விற்ற கடை. 2017இல் பழைய கோலத்திலேயே சரிசெய்து மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

1969 டிசம்பர் தொடக்கத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் இங்கே வந்து மூன்று நாட்களில் மூன்று பாட்டுப் பதிவு செய்தார்கள். ஊருக்குள் அவ்வளவாக யாருக்கும் தெரியாது. ‘வைல்டு ஹார்ஸஸ்’ பாட்டைக் கீத் ரிச்சர்ட்ஸ் முடித்தது இந்தக் கழிப்பறையில் என்று கதவைத் திறந்து காட்டுகிறார்கள். என் கேசட்டில் இருந்த ராக் பாட்டு, ‘ப்ரவுன் ஷுகர்’, இந்தச் சின்ன அறையில்தான் பதிவானது. சாக்ஸஃபோனைப் பிறகு சேர்த்தார்கள். லண்டனில் எந்த ஸ்டுடியோவும் கிடைக்கக்கூடிய ஆட்கள் இந்தச் சவப்பெட்டிக் கடைக்கு ஏன் வந்தார்கள்? அரீத்தாவும் பிக்கெட்டும் பாடிய சத்தம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. நான்கு வருடம் முன்பு, ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றை ஓடிஸ் ரெடிங் மெம்ஃபிஸில் ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் வைத்துப் பாடியிருந்தார். அந்தக் கொடுக்கல் வாங்கல் ஓயவே இல்லை.

1972இல் ஸ்டாக்ஸ் வெளியிட்ட, ஸ்டேப்பிள் ஸிங்கர்ஸ் குழுவின் ‘ஐ’ல் டேக் யூ தேர்’ பாட்டும் இந்த நால்வர் வாசித்ததுதான். அந்தப் பாட்டைக் கேட்டு மயங்கிய பாடகர் பால் சைமன், ஸ்டாக்ஸைக் கூப்பிட்டு அந்தக் கறுப்பின வாத்தியக்காரர்கள் தனக்கு வேண்டும் என்று கேட்டாராம். இங்கே வந்து பார்த்தால் அத்தனை பேரும் வெள்ளையர்கள். எங்கள் வழிகாட்டிப் பெண் இதைச் சொன்னபோது வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குத் தூத்துக்குடியில் உட்கார்ந்து கேட்ட எங்கள் கூட்டம்தான் ஞாபகம் வந்தது. நாங்களும் பால் சைமனும் காதை மட்டும் வைத்துக் கேட்டவர்கள்.

இன்னும் ஒரு பாட்டு பாக்கி. அந்தக் கதறல். பெர்ஸி ஸ்லெட்ஜ் இந்தப் பக்கத்து மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே வார இறுதிகளில் பாடியவர். 1966இல் இதே ஷெஃபீல்டில் இன்னொரு சின்ன ஸ்டுடியோவில் ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ பாடினார். உலகம் முழுக்கப் போனது. நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோன கைதான் அந்த மைக்கைப் பிடித்தது என்று நினைத்துக்கொண்டு ஊருக்குள் கொஞ்ச நேரம் நடந்தேன். மெம்ஃபிஸுக்குத் திரும்பும்போது ராத்திரி ஆகிவிட்டது.

ஞாயிறு, மறுபடி மெம்ஃபிஸ்

ஊரின் தென்பகுதியில், எல்விஸின் வீடான கிரேஸ்லேண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஃபுல் காஸ்பல் டேபர்நேகிள் இருக்கிறது. சோல் பாடகர் அல் கிரீன் 1970களின் நடுவில் புகழின் உச்சியில் நின்றபோது வாங்கிய சபை. போதகராகி இத்தனை வருடம் நடத்தி வருகிறார். இன்று அவர் வரவில்லை, வேறொரு போதகர் பேசினார். எனக்கு ஏமாற்றமாக இல்லை. ஆர்கன், பேஸ், டிரம்ஸ், பத்துப் பதினைந்து பேர் பாடகர் குழு. போதகர் பேசப் பேச ஆர்கன் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்கிறது. புதன்கிழமை பார்த்த அந்த மரத் தேவாலயத்தில் காலியாகக் கிடந்த பெஞ்சுகள் எல்லாம் இங்கே நிறைந்திருந்தன. பக்கத்தில் தொப்பி வைத்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துத் தட்டச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது, நான்காவது அடியில்தான் தட்ட வேண்டும். நம் ஊரில் கோயிலில் முதல் அடியில் தட்டித்தான் பழக்கம். பூசை முடிவதற்குள் கை பழகிவிட்டது.

அட்லாண்டாவுக்குத் திரும்பும் முன் கடைசியாக ஓர் இடம்: ராயல் ஸ்டுடியோஸ். ஸ்டாக்ஸ் மாதிரியே இதுவும் பழைய சினிமாத் தியேட்டர், இங்கும் சரிவான தரை. தயாரிப்பாளர் வில்லி மிட்ச்செல் இங்கேதான் அல் கிரீனை மெதுவாகப் பாடப் பழக்கி, அந்தக் குழைந்த குரலை வெளியே கொண்டுவந்தார். அல் கிரீன் பாடிய ஒன்பதாம் எண் மைக்கை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். வில்லி மிட்ச்செலின் குடும்பம் இன்றும் ஸ்டுடியோவை நடத்துகிறது. தெருவுக்கே அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு ஆனதால் பூட்டியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்றுதான் போனோம்.

மகள் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ‘அப்டவுன் ஃபங்க்’ பாட்டில் ஒரு பகுதி இங்கேதான் பதிவானது என்று நான் சொன்னேன்.

“என்னப்பா சொல்றீங்க? காலேஜ் டே-ல நாங்க ஆடின பாட்டுப்பா அது!”

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். கதவு, சுவர், பெயர்ப்பலகை, பக்கத்துச் சந்து என்று எல்லாவற்றையும் படம் எடுத்தாள். தோழிகளுக்கு அனுப்பினாள். பூட்டிய கதவின் இடுக்கு வழியாக உள்ளே தரை சரிவாக இருப்பது தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள். அட்லாண்டாவுக்கு ஆறு மணிநேரம் ஓட்ட வேண்டும் என்று நான்தான் இரண்டு தடவை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.